கரையான் தின்ற சிறகு

மொரப்பூரில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் சாமி படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். சமயபுரம் மாரியம்மன், வேலோடு முருகன், தாமரையில் லட்சுமி. அந்த வரிசையில் சேராமல் எதிர்ச்சுவரில் தனியாக ஒரு படம் இருந்தது. அதற்குப் பொட்டு கிடையாது, பூ கிடையாது, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கிடையாது. “சாவு நடக்கிற படத்துக்கு யாராச்சும் பூப் போடுவாங்களா?” என்பார் ஆயா. ஆனாலும் அதைக் கழற்ற விடமாட்டார். தாத்தா வாங்கி வந்த படம் அது.

ரவிவர்மாவின் ‘ஜடாயு வதம்’. வானவெளியில் ராவணன். ஓங்கிய வாள். அவன் பிடியில் சீதை. நடப்பதைக் காணச் சகியாமல் கையால் முகத்தை மறைத்திருக்கிறாள். எதிரே கிழட்டுப் பறவை. இதுவரை எங்கள் படத்தில் தெளிவாக இருந்தது. இதற்கு மேல் இல்லை. ஏதோ ஒரு மழைக்காலத்தில் மண்சுவரில் ஏறிய கரையான், சட்டத்தின் பின்பலகையைத் துளைத்து உள்ளே போய்ப் படத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. தின்ற இடம் ஜடாயுவின் சிறகு. அலகு இருந்தது, கண் இருந்தது, கழுத்து பாதி இருந்தது. அதற்குக் கீழே கண்ணாடிக்குள் மண்ணும் அட்டையும்தான்.

அந்தச் சிறகு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத்தான் நான் வரையக் கற்றேன். பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தச் சிறகைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

*

தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை. இன்று மொரப்பூர் என்றால் சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் வரும் ஒரு ஸ்டேஷன். அன்று அது சந்திப்பு. 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறுகிய பாதை போட்டார்கள். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. ஊரில் அதற்குச் ‘சின்ன ரயில்’ என்று பெயர். அந்தப் பாதையில் தண்டவாளம் சரிபார்க்கும் கேங்மேனாகத் தாத்தா இருந்தார். பம்பாய்ப் பக்கத்திலிருந்து படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயிலில் வரும் ஒரு வியாபாரியிடம் இதை வாங்கினாராம். 1941இல் சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். தாத்தாவின் வேலையும் அதோடு போயிற்று. படம் மட்டும் சுவரில் நின்றது.

படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ‘ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா’ என்று அச்சிட்டிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்த நான் வெகுகாலம் அதுதான் ஓவியரின் முழுப்பெயர் என்று நினைத்திருந்தேன். பிறகு தெரிந்துகொண்டது இது. கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, தம் படங்கள் அரண்மனைகளோடு நின்றுவிடக் கூடாது என்று 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது லோனாவ்லாவை அடுத்த மலவ்லிக்கு இடம் மாறியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். வழவழப்பான கல்லின் மேல் படத்தை எழுதி அதிலிருந்து தாளில் ஒற்றி எடுக்கும் முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கி வரவேண்டும். ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் சீதையின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். கடன் நெருக்கியதில் சில ஆண்டுகளிலேயே அச்சகத்தைத் தம்மிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். அதன் பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. சின்ன ரயில் ஓடத் தொடங்கிய அதே 1906இல், அக்டோபர் 2ஆம் தேதி ரவிவர்மா காலமானார்.

கோயிலுக்குள் போக முடியாதவர்கள் வீட்டிலும் லட்சுமியும் சரஸ்வதியும் வந்து உட்கார்ந்தது இந்த அச்சுப் படங்களால்தான். பெண்கள் அவற்றுக்குச் சம்கியும் ஜரிகையும் ஒட்டிப் புடவை உடுத்தினார்கள். ஏழைத் தொழிலாளி ஒருவரின் மண்வீட்டுக்கும் ஓர் ஓவியரின் கை வந்து சேர்ந்தது. நான் ஓவியம் கற்றதற்கு முதல் காரணம் அந்த அச்சுக் கற்கள்.

*

ஆறாம் வகுப்பில் வரையத் தொடங்கினேன். 1973ஆம் ஆண்டு. ராவணனும் சீதையும் சுலபமாக வந்துவிட்டார்கள். கண்ணாடியைக் கழற்ற ஆயா விடவில்லை என்பதால் கண்ணாடி மேலேயே நூலை ஒட்டிக் கட்டம் பிரித்துக்கொண்டேன். தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். முதல் கட்டத்தில் வாளின் நுனி எந்த மூலையில் முடிகிறது, மூன்றாம் கட்டத்தில் கிரீடம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கட்டம் கட்டமாக இறங்கி வந்தேன். தேங்காயெண்ணெய் தடவிய தாளை மேலே வைத்துப் படியெடுத்தும் பார்த்தேன். ஒரு வாரத்தில் ராவணனின் மீசை வரை வந்துவிட்டது.

“இதுல ராவணனுக்கு ஒரு தலைதானே இருக்குது ஆயா?” என்று ஒருநாள் கேட்டேன். கூத்தில் நான் பார்த்த ராவணனுக்குப் பத்துத் தலை உண்டு. ஆயா படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கெட்டது செய்ய ஒரு தலை போதுமே கண்ணு” என்றார்.

கட்டங்கள் இறங்கி இறங்கி, கரையான் தின்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. கட்டத்துக்குள் பார்த்து எழுத ஒன்றும் இல்லை. முதலில் வீட்டுச் சேவலைப் பார்த்து ஒரு சிறகு போட்டேன். பறவை ராஜாவுக்குச் சேவலின் சிறகு பொருந்தவில்லை. காக்கையைப் பார்த்துப் போட்டேன். அதுவும் ஒட்டவில்லை. இலை அடுக்கினாற்போலச் சிறுசிறு வளைவுகளாகப் போட்டு நிரப்பிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன்.

டிராயிங் வாத்தியார் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “ராவணனைப் பார்த்துப் போட்டிருக்கிற. சிறகை நெனச்சுப் போட்டிருக்கிற” என்றார். பிறகு என்னை வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய் எதிரே இருந்த வீட்டுக் கூரையைக் காட்டினார். நாட்டு ஓடு வேய்ந்த கூரை.

“ஒரு ஓட்டுக்கு மேல இன்னொரு ஓடு எப்படி ஏறி உட்கார்ந்திருக்குது பார். மழைத் தண்ணி உள்ள போவக் கூடாதுன்னு அப்படி. சிறகும் அதே வேலைதான். காத்து உள்ள போவக் கூடாது. எந்த ஓடு மேல, எந்த ஓடு கீழன்னு தெரியாம கூரை வேய முடியுமா?”

“கழுகோட சிறகு எப்படி சார் இருக்கும்?”

“அதை நான் சொல்லக் கூடாது. ரயில்ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வா.”

*

ரயில்ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் செத்த மாடுகளைப் போடும் மேடு. அங்கே போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு உண்டு. நாற்றத்துக்காக மட்டும் போட்ட கண்டிப்பு என்று சொன்னால் அது பொய். அங்கே மாட்டுத் தோல் உரிக்கும் மனிதர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்பதற்காகவும்தான்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன் யாருக்கும் சொல்லாமல் போனேன். தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகப் பனைமரங்கள். ஒவ்வொரு பனையின் உச்சியிலும் இரண்டு மூன்று பெரிய உருவங்கள் குறுகி உட்கார்ந்திருந்தன. பாறுகள். இப்போது புத்தகங்களில் வெண்முதுகுப் பாறு என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் கழுகு என்றுதான் சொல்வோம். வெயில் மேலே பட்டதும் ஒன்று மெல்லச் சிறகை விரித்தது. அடுத்தது விரித்தது. பிறகு எல்லாம். பறக்கவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டதுபோல் விரித்தபடி அப்படியே நின்றன. இரவுக் குளிரைப் போக்க அவை அப்படிக் காயும். ஒவ்வொன்றும் விரித்தால் ஏழடி இருக்கும். சிறகின் அடியில் வெள்ளை. கோட்டுப் போட்டதுபோல் கறுத்த உடம்பு. கழுத்தடியில் வெள்ளைப் பிடரி. சிறகின் நுனியில் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கைவிரல்கள்போலப் பிரிந்து நின்றன.

ஓடு வேய்ந்த கூரை அங்கே ஆகாயத்தில் விரிந்திருந்தது. நான் தாளை எடுக்கவே மறந்துவிட்டேன்.

“கிட்ட போவாத சாமி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தோல் உரிக்க வந்தவர். தலையெல்லாம் நரை. கையில் கத்தி. “கீழ எறங்கித் தின்னுட்டு இருக்கும்போது கிட்ட போனா, தின்னதை எல்லாம் கக்கிப்புட்டுத்தான் பறக்கும். வயிறு கனமா இருந்தா எழும்ப முடியாது அதுக்கு. பாவம், குஞ்சுக்கு வச்சிருக்கும்.”

அன்றிலிருந்து இரண்டு மாதம், பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அங்கே போனேன். எனக்குச் சிறகு சொல்லிக்கொடுத்தவர் அவர். முதலில் காக்கை வரும், அடுத்து பருந்து, கடைசியில்தான் கழுகு. ஆனால் கழுகு வந்து தோலைக் கிழிக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும் என்பார். இறங்கும்போது காலை முன்னே நீட்டிச் சிறகைப் பின்னுக்கு இழுக்கும், அப்போது பார்த்தால்தான் சிறகின் மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பார். மனுஷன் கையில் தோள், முழங்கை, மணிக்கட்டு இருப்பதுபோலச் சிறகுக்கும் மூன்று மடிப்பு உண்டு என்று தம் கையையே மடக்கி மடக்கிக் காட்டினார். மாட்டின் உடம்பைத் தினமும் பிரித்துப் பார்க்கும் கை அது. எலும்பும் மூட்டும் எப்படிச் சேரும் என்று ஓவியக் கல்லூரியில் வகுப்பு வைத்து நடத்துவதை அவர் மேட்டின் மேல் நின்று எனக்குச் சொன்னார். ஒருநாள் கீழே கிடந்த நீளமான இறகு ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினார். என் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குப் பதினொன்று. அவர் என்னைச் ‘சாமி’ என்றார். நான் அவரைப் பெயர் சொல்லி, ‘நீ, வா, போ’ என்றே பேசினேன். ஊரில் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். அது தவறு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தானாகத் தோன்றவில்லை. ‘ஐயா’ என்று அவரை ஒருமுறையாவது அழைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓவியத்தில் பாதி அவர் கொடுத்தது.

*

இறகை வீட்டுக்குக் கொண்டுபோனது தெரிந்துவிட்டது. அம்மா அதைக் கோலால் தள்ளித் தெருவுக்கு அப்பால் எறிந்தார். ஆயா கிணற்றடியில் நிறுத்தி என் தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்.

அன்று இரவு ஆயா பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன்: “ஜடாயு செத்ததும் ராமர் என்ன ஆயா பண்ணாரு?”

“கொள்ளி வச்சாரு. பெத்த அப்பனுக்குச் செய்ய முடியலையே, காட்டுக்கு வந்துட்டமேன்னு, அப்பன் ஸ்தானத்துல வச்சு எல்லாக் கடனும் செஞ்சாரு.”

“ஜடாயு கழுகுதானே?”

“ஆமா.”

“கழுகு செத்த மாடு தின்னும். ராமர் அதைத் தொட்டுத் தூக்கிக் கொள்ளி வச்சாரே. அவரை யாரு தண்ணி ஊத்திக் குளிக்க வச்சாங்க?”

ஆயா பதில் சொல்லவில்லை. வெகுநேரம் விழித்துக்கொண்டிருந்தார் என்பது மூச்சிலிருந்து தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து அரூர் தாண்டினால் தீர்த்தமலை. ராமர் சிவபூசைக்குத் தண்ணீர் வேண்டி அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்த மலை என்று சொல்வார்கள். வருஷம் தவறாமல் அங்கே போய் ராமர் தீர்த்தத்தில் தலை நனைத்து வருகிறவர் ஆயா. அதன் பிறகு நான் மேட்டுக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றவும் இல்லை. அம்மாவிடம், “போய்ட்டு வரட்டும் உடு” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சிறகை ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் வரைந்து முடித்தேன். வெட்டுப்பட்ட சிறகு விழும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று மடிப்பும் எங்கே என்று தெரியும். நுனி இறகுகள் விரல்போலப் பிரியும் என்று தெரியும். எந்த இறகு மேலே, எது கீழே என்று தெரியும். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: “பாத்திருக்கிற.”

*

அதற்குப் பிறகு வாழ்க்கை வேகமாக ஓடியது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் கீழ்நிலை, மேல்நிலை இரண்டும் எழுதினேன். தொழிலாசிரியர் பயிற்சி முடித்தும் உடனே வேலை கிடைக்கவில்லை. சில வருஷம் போர்டு எழுதினேன். உரக்கடை, ஜவுளிக்கடை, தேர்தல் சுவர், கல்யாண வளைவு. எனாமல் பெயிண்டின் நெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பிறகு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஆனேன். பிள்ளைகளை அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், மண்டப விதானத்தில் மங்கிக்கிடக்கும் பழைய ஓவியங்களைக் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்க வைத்தேன்.

ரவிவர்மாவின் கதையையும் அவர்களுக்குச் சொல்வேன். 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்குத் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை இளைஞர் ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் விரும்பவில்லை என்றும், தாம் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார் என்றும் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நின்று பார்த்தே கற்றவர், ஐந்தே ஆண்டில், 1873இல் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கினார். “சொல்லித்தர ஆள் இல்லைன்னு உட்கார்ந்துடாதீங்க. நின்னு பாருங்க” என்பேன்.

பள்ளிக்கூடமும் வேலையுமாக இருந்த அந்த வருஷங்களில் ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. பனைமரங்களில் கழுகு குறைந்துகொண்டு வந்தது. எந்த வருஷம் கடைசியாகப் பார்த்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் தண்டவாளத்தைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். எல்லாப் பனையும் வெறுமையாக நின்றன. மேட்டில் ஒரு மாடு கிடந்தது. நாய்கள் சுற்றி நின்றன. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் அதற்குப் பல வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சாவுக்கும் நான் போகவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. மாட்டுக்குக் காய்ச்சலோ மடிவீக்கமோ வந்தால் போடும் வலி மருந்து, டைக்ளோஃபினாக். மருந்து போட்டும் மாடு செத்துப்போனால் அந்த மருந்து இறைச்சியில் தங்கிவிடும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் சில நாளில் செயலிழந்துபோகும். உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாற்போல உப்புப் படிந்து பறவை செத்துவிழும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை உலகுக்குச் சொன்னது. 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துபோயின. 2006இல் அரசு இந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை விதித்தது. திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாக உச்சிவேளையில் வந்து சோறுண்ட கழுகுகளும் வராமல் நின்றுவிட்டன.

*

2018இல் ஓய்வுபெற்ற கையோடு மைசூருக்குப் போனேன். மைசூர் மன்னருக்காக ரவிவர்மா எழுதிய புராணப் படங்கள் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. ஜடாயு அங்கே. அச்சில் பார்த்ததை அசலில் பார்க்க நாற்பத்தைந்து வருஷம் ஆயிற்று எனக்கு.

கூடத்தில் கூட்டம் குறைவாக இருந்தது. படத்தின் முன் நின்றதும் முதலில் அந்த இடத்தைத்தான் தேடினேன். சிறகு இருந்தது. கரையான் தொடாத முழுச் சிறகு. அது நான் வரைந்த சிறகு இல்லை. அவருடையது நாடக மேடையின் உச்சக் காட்சிக்கு எழுதிய சிறகு. அந்த வேகமும் அந்த வானத்தின் ஒளியும் என் கைக்கு எந்தக் காலத்திலும் வராது. அந்தப் படத்தில் அவர் மனம் அதிகம் தங்கியது முகத்தை மறைத்த சீதையின் கையில் என்று நினைக்கிறேன். அந்தக் கை ஒன்று போதும், நடப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று சொல்ல. கண்ணில் நீர் முட்ட நின்றேன். வெகுநேரம் கழித்துக் காவலர் வந்து, மூடும் நேரம் என்றார்.

மறுநாள் அங்கிருந்தே பந்திப்பூர் வழியாக மசினகுடிக்குப் பஸ் ஏறினேன். தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழ்வது முதுமலையையும் மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் ஒட்டித்தான். ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் அவை கூடு வைக்கின்றன. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மேல், வெயில் சூடேறிக் காற்று மேலெழும்பிய நேரத்தில், பள்ளத்தாக்கின் மேலே ஒரு பறவை வட்டமிட்டது. இரவல் வாங்கிய தொலைநோக்கியில் பார்த்தேன். சிறகின் அடியில் வெள்ளை. நுனியில் பிரிந்த விரல்கள். சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. என்னை அறியாமல் என் வலது கை தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மடங்கி விரிந்தது. மேட்டின் மேல் நின்ற அந்தப் பெரியவரின் கை அது.

ரவிவர்மாவின் ஓவியங்களை 1979இல் இந்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அவற்றை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. நல்ல சட்டம். படம் பத்திரமாக இருக்கிறது. கழுகைக் காக்கவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இருந்தது. ஆனால் அதைக் கொன்றது வேட்டைக்காரன் இல்லை. மாட்டின் மேல் அன்பு வைத்த விவசாயி வாங்கிப் போட்ட ஊசி. அதனால் யாரும் குற்றவாளியாக உணரவில்லை. 2006 வரை யாரும் தடுக்கவும் இல்லை.

*

என் பேத்திக்குப் பத்து வயது. போனில் ‘ஜடாயு வதம்’ என்று சொன்னால் அந்தப் படம் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. இரண்டு விரலால் விரித்து ராவணனின் வாள் நுனி வரைக்கும் பார்க்கிறாள். நான் நூல் ஒட்டிக் கட்டம் பிரித்ததைச் சொன்னால் வியப்போடு கேட்கிறாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்து நான் பார்த்ததை அவள் பத்து வயதில் பார்க்கிறாள் என்றால் அது நல்லதுதான். அன்று எங்களுக்குப் படத்தில் சிறகு இல்லை, பனைமரத்தில் இருந்தது. இன்று அவளுக்குப் படத்தில் சிறகு இருக்கிறது, பனைமரத்தில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஓவிய வகுப்பும் அரிது. 2012இல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் சொல்லித்தர நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கிய வேலை அது. சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் போராடுகிறார்கள். வாரத்தில் பாதி நாள் மட்டும் வருகிறவரால் பிள்ளையை ரயில்ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்து, திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்க முடியாது. என் வாத்தியாரால் முடிந்தது, அவர் தினமும் அங்கே இருந்ததால்தான்.

சனிக்கிழமைகளில் பேத்தியோடு தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரே பாயில் உட்காருகிறார்கள். ‘ஜடாயு வதம்’ அச்செடுத்து ஆளுக்கு ஒன்று கொடுக்கிறேன். கொடுக்கும் முன் சிறகு இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடுகிறேன். “இந்த இடத்துல என்ன இருக்கணும்னு போய்ப் பார்த்துட்டு வாங்க” என்கிறேன். ஒருத்தி மயிலைப் பார்த்து வருகிறாள். ஒருவன் கோழியை மடியில் பிடித்து வைத்துக்கொண்டு சிறகை விரித்து எண்ணுகிறான். ஏரிக்கரையில் பருந்தைப் பார்த்தவன் ஓடி வந்து, “தாத்தா, நுனி கைவிரல் மாதிரி பிரியுது” என்றான். அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அவன் பார்த்துச் சொன்னது.

போன மாதம் பேத்தி கேட்டாள்: “நெஜக் கழுகு நம்மூருக்குத் திரும்பி வருமா தாத்தா?”

வரலாம் என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னது அல்ல. ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரே முட்டையிடும் பறவை அது. பெருக வெகுகாலம் பிடிக்கும். ஆனாலும் விஷம் இல்லாத இரை கிடைத்தால் அது வாழும். கூட்டம் பெருகினால் பறந்து விரியும். 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற இன்னும் இரண்டு வலி மருந்துகளையும் மாட்டுக்குப் போட அரசு தடை செய்திருக்கிறது. கழுகுக்குக் கேடு செய்யாத மருந்தும் இருக்கிறது. அதன் பெயர் மெலாக்சிகாம். விலையும் கட்டுப்படியாகக்கூடியதுதான்.

மொரப்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாடு வைத்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வரும்போது, “மெலாக்சிகாம் போடுங்க” என்று கேளுங்கள். மருந்துக்கடையில் மனுஷனுக்குள்ள வலி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். பிள்ளைகள் வரைவதற்கு இந்த ஊர்ப் பனைமரத்தில் மறுபடியும் ஒரு சிறகு விரியட்டும்.